மீசைக்காரருக்கு வாய்த்த கைகள்

அதிபர் தேர்தலில் நின்றவர்களில் முக்கியமான இருவர் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் வாதாடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், பிஷ்கெக் நகரத்தில் எல்லோரும் யார் யாரை மடக்குவார் என்று பேச ஆரம்பித்தார்கள். அசில்கானுக்கு அந்தக் கவலையே இல்லை. திரையின் வலது மூலையில், ஒரு சின்ன வட்டத்துக்குள் நின்று, இரண்டு பேர் பேசுவதையும் கையால் சொல்லப்போவது அவளுடைய மகள். நாட்டில் காது கேளாதவர்கள் எத்தனை பேர் உண்டோ அத்தனை பேரும் அன்றைக்குத் தோல்குனின் கைகளைத்தான் பார்க்கப்போகிறார்கள். அந்த வாரம் அசில்கான் ஒரு கால்சட்டையைக்கூட சொன்ன நாளில் தைத்துக் கொடுக்கவில்லை.

அவளுக்கு வயது ஐம்பத்தெட்டு. கொச்கோர் பக்கத்தில் பிறந்தவள். இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அவள் காதுகளைக் கொண்டுபோய்விட்டது. ஏழு வயதில் நகரத்து விடுதிப் பள்ளியில் கொண்டுவந்து விட்டார்கள். அங்கேதான் அவளுக்குப் பேச ஒரு பாஷை கிடைத்தது. பிறகு இருபத்திரண்டு வருஷம் காது கேளாதோர் தையற்கூடத்தில் வேலைக் கையுறையும் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும் தைத்தாள். துணி வெட்டும் மேசையில் நின்ற ஷார்ஷெனை அங்கேதான் கட்டிக்கொண்டாள். அவனுக்கும் காது கேட்காது. தையற்கூடம் நொடித்து, கீழ்த்தளம் மரச்சாமான் கடையாகிப் போன பின்பு, சந்தையில் துணிக்கடை ஒன்றின் ஓரத்தில் இயந்திரத்தைப் போட்டு, ஜிப் மாற்றியும் நீளம் குறைத்தும் பிழைத்தாள். கட்டைவிரலில் ஊசி குத்துவதுபோல் காட்டினால் அது அசில்கான் என்று அவர்கள் ஆட்களுக்குப் புரியும்.

அவளுக்கும் ஷார்ஷெனுக்கும் பிறந்த ஒரே பிள்ளைக்குக் காது கேட்டது. அது அவர்கள் வீட்டுக்கு மட்டும் நடந்த நல்லதாக இருக்கவில்லை. தையற்கூடத்து நாற்பது குடும்பத்துக்கும் நடந்த நல்லதாக இருந்தது. ஐந்து வயதில் தோல்குன் மின்சார அலுவலகத்தில் நின்று யாரோ ஒருவருடைய கட்டணத்துக்காகச் சண்டை போட்டாள். எட்டு வயதில் பிரசவ ஆஸ்பத்திரிக்குத் துணை போனாள். வழக்கா, வாடகையா, பள்ளிக்கூடமா, எதுவாக இருந்தாலும் "ஊசியோட பொண்ணக் கூப்பிடு" என்பார்கள். பெரியவளாகி அதையே தொழிலாகவும் எடுத்துக்கொண்டாள். பொய் சொல்ல நாக்கு வேண்டும், என் மகள் கையால் அல்லவா பேசுகிறாள் என்று அசில்கான் பெருமையடித்துக்கொள்வாள். யாரும் அதை மறுத்துச் சொன்னதில்லை.

வாதம் நடந்த அன்று மாலை பழைய தையற்கூடத்து மேல்மாடியில் இருந்த காது கேளாதோர் மன்றத்தில் முப்பத்தாறு பேர் கூடினார்கள். கீழே மரச்சாமான் கடைக்காரர் விற்பனைக்கு வைத்திருந்த பெரிய தொலைக்காட்சியை ஒரு நாளைக்கு இரவல் கொடுத்திருந்தார். எவ்வளவு பெரிய திரையாக இருந்தாலும் தோல்குன் நிற்கிற வட்டம் ஒரு தட்டு அளவுதான் என்பதால் முன்வரிசைக்கு அடிதடி. அசில்கானுக்கு நடு இருக்கையை யாரும் கேட்காமலே விட்டுவைத்தார்கள். அவளுக்கு இடப்பக்கம் வேரா. விடுதிப் பள்ளியிலிருந்து கூடவே வளர்ந்த ருஷ்யத் தோழி. வலப்பக்கம் எசென்குல், மன்றத்துக்குத் தலைவர், எதற்கெடுத்தாலும் கிண்டல். எல்லோர் மடியிலும் போர்சோக் என்கிற பொரித்த மாவுத் துண்டுகளும் தேநீரும்.

வேட்பாளர்களுக்கு ஊரறிந்த பெயர்கள் இருந்தன. மன்றத்தில் ஒருவர் மீசைக்காரர், மற்றவர் கையில் எப்போதும் பேனா வைத்திருப்பதால் பேனாக்காரர். வாதம் தொடங்கிக் கால் மணி நேரத்துக்குள் மன்றம் தன் தீர்ப்பை எழுத ஆரம்பித்துவிட்டது. பேனாக்காரர் இழுக்கிறார், சுற்றி வளைக்கிறார், எங்கே ஆரம்பித்தார் என்று அவருக்கே மறந்துபோகிறது என்றார்கள். மீசைக்காரர் பேசும்போது தோல்குனின் கைகள் தெளிந்த ஓடைபோல் ஓடின. ஒரு வாக்கியம் முடிந்து அடுத்தது பிறப்பது கண்ணுக்குத் தெரிந்தது. எசென்குல் தன் கிண்டலைக்கூட மறந்துவிட்டு, "இந்தாளு படிச்சவன்யா" என்றார்.

நடுவில் ஒரு கட்டம் வந்தது. ஒரு தங்கச் சுரங்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது யார் என்று மீசைக்காரர் கேட்டார். பேனாக்காரர் மழுப்பினார். மீண்டும் கேட்டார். மீண்டும் மழுப்பல். மூன்றாவது முறை மீசைக்காரர் முன்னால் குனிந்து, விரலை நீட்டி ஏதோ சொன்னார். தோல்குனின் கைகள் ஒரு கணம் தயங்கின. பிறகு, "மூன்று முறை கேட்டுவிட்டேன். நாட்டை ஆள விரும்புகிறவர் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். நான் காத்திருக்கிறேன்" என்று சொன்னாள்.

மன்றம் முழுக்கக் கைகள் மேலே எழுந்து ஆடின. அவர்கள் கைதட்டுவது அப்படித்தான். திரையிலும் பார்வையாளர்கள் கைதட்டினார்கள். அதைவிட அதிகமாகச் சிரித்தார்கள். ஒருவர் நாற்காலியிலிருந்து சாய்ந்து விழப் பார்த்தார்.

வேரா அசில்கானின் முழங்கையைத் தட்டினாள். "ஏன் சிரிக்கறாங்க?"

"பேனாக்காரன் மூஞ்சியப் பாரு, முழிக்கறான்" என்றாள் அசில்கான்.

"அதுக்கா இவ்வளவு சிரிப்பு?"

"கேக்கறவங்களுக்கு எதுக்குத்தான் சிரிப்பு வராது?"

வேரா மூன்றாம் முறையும் கேட்டாள். அசில்கான் பதில் சொல்லாமல் திரையைக் காட்டினாள். மகள் பேசிக்கொண்டிருக்கும்போது கண்ணை எடுக்க அவளுக்கு மனமில்லை.

முடிந்ததும் எசென்குல் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு எல்லோரையும் தன் பக்கம் திருப்பினார். யாருக்கு ஓட்டு என்று கேட்டார். முப்பத்தாறில் முப்பத்தொரு கை மீசைக்காரருக்கு உயர்ந்தது. அதோடு விடவில்லை. ஓஷ், காராகோல், தொக்மோக் என்று மற்ற ஊர்களில் இருக்கும் நம் ஆட்களுக்கு யாராவது சொல்ல வேண்டுமே என்றார். பலருக்குத் தொலைக்காட்சியில் அந்த வட்டம் சரியாகத் தெரிந்திருக்காது. எல்லாக் கண்களும் அசில்கானைப் பார்த்தன. அவள் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, கைபேசிக்கு முன்னால் நின்று பேசினாள். மீசைக்காரர் நேர்மையாகக் கேட்கிறார், மரியாதையாகப் பேசுகிறார், நம்மைப் போன்றவர்கள் நம்பலாம், நான் சொல்கிறேன் என்றாள். நான் சொல்கிறேன் என்பதை நெஞ்சில் கை வைத்துச் சொன்னாள். அந்தக் காணொளி மறுநாளே நாடு முழுக்கப் போய்விட்டது.

மூன்று நாள் கழித்து, சந்தையில், ஒரு சுமைதூக்கி அவள் இயந்திரத்துக்கு முன்னால் தள்ளுவண்டியை நிறுத்தினான். கூட இருந்தவனுக்கு அவளைக் காட்டினான். தன் காதைத் தொட்டான். பிறகு இயந்திரத்தைக் காட்டினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அசில்கானுக்கு இது பழக்கம். ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பார்க்கிற சிரிப்பு. ஆனால் இந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று புதிதாக, யாரோ சொல்லிக்கொடுத்த பாடம்போல இருந்தது. அடுத்து ஒரு பள்ளிக்கூடப் பையன் வந்தான். அவனும் காதைத் தொட்டு இயந்திரத்தைக் காட்டினான். அவள் பக்கத்துத் துணிக்கடை குல்பாராவைத் திரும்பிப் பார்த்தாள். குல்பாராவின் முகம் சிவந்திருந்தது.

குல்பாராவுக்குக் காது கேட்கும். பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்ததில் அரைகுறையாகக் கைப்பேச்சும் வரும். அசில்கான் என்னவென்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் குல்பாரா. அசில்கான் அவள் கைபேசியைச் சுட்டிக்காட்டிக் கையை நீட்டினாள். நீட்டிய கை இறங்கவில்லை.

"வேணாம் ஏஜே" என்றாள் குல்பாரா. அக்கா என்று கூப்பிட்டுக் கெஞ்சுகிறாள் என்பது உதட்டிலேயே தெரிந்தது. "பாத்து என்ன ஆகப்போவுது?"

கடைசியில் கொடுத்தாள்.

அது அரை நிமிஷக் காணொளி. யாரோ வாதத்திலிருந்து அந்த இடத்தை மட்டும் வெட்டி, கீழே பெரிய எழுத்தில் வார்த்தைகளையும் ஓடவிட்டிருந்தார்கள். எட்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். அசில்கான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். முதல் தடவை பாதிதான் பிடிபட்டது. இரண்டாவது தடவை முழுசும் படித்தாள். மீசைக்காரர் விரலை நீட்டிச் சொன்னது இதுதான்: "மூணு தடவ கேட்டாச்சு. இந்த ஆளு செவிடா, ஊமையா? செவிட்டூமைங்களுக்குன்னு ஒரு தையக்கூடம் இருந்துச்சில்ல, அங்க கொண்டுபோய் கையுறை தைக்க உக்கார வைங்க. நாடெல்லாம் இவருக்கு எதுக்கு?"

அந்த எழுத்துகளுக்கு மேலே, வலது மூலையில், அவளுடைய மகள் நின்றுகொண்டிருந்தாள். கறுப்புச் சட்டை, அசில்கானே இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொடுத்தது. நாட்டை ஆள விரும்புகிறவர் மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்று, அழகாக, அவசரமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அசில்கான் அதைப் பதினொரு தடவை பார்த்தாள். எழுத்தைப் படித்தாள், கையைப் பார்த்தாள். மறுபடி எழுத்து, மறுபடி கை. தான் வாய்கொள்ளாமல் சிரித்துக் கையை ஆட்டியது நினைவுக்கு வந்தது. மன்றத்தில் முப்பத்தாறு பேரும் தங்களைத் திட்டியவனுக்குக் கைதட்டியிருக்கிறார்கள். இந்தப் பக்கம் எட்டு லட்சம் பேர் சிரிக்க, அந்தப் பக்கம் இவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். கைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இயந்திரத்தைத் துணி போட்டு மூடினாள். நேரம் பகல் பதினொன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை தோல்குன் வழக்கம்போல வந்தாள். கறி வைத்த சம்சா வாங்கி வந்திருந்தாள். அசில்கான் தேநீர் ஊற்றவில்லை. மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காரச் சொல்லி, மீசைக்காரர் மூன்றாவது முறை என்ன சொன்னார் என்று கேட்டாள். தோல்குன் சம்சாப் பொட்டலத்தைப் பிரிப்பதை நிறுத்தினாள்.

"யாரு சொன்னா?"

"நீ சொல்லலேங்கறது மட்டும் தெரியும்."

தோல்குன் பொட்டலத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு, அந்த வார்த்தை காதில் விழுந்தபோது தனக்குக் கையே வரவில்லை என்றாள். "மன்றத்துல எல்லாரும் இருப்பீங்கன்னு தெரியும். முன்னாடி வரிசையில, நடுவுல நீ இருப்ப. என் கையாலயே உன்னப் பாத்து அதச் சொல்லச் சொல்றியாம்மா?"

"அவன் திட்டுனது என்னத்தான். எனக்கு வந்த திட்டு அது. எனக்கு வந்தத வழியில நீ எப்பிடி எடுத்து வச்சிக்கலாம்?"

"உனக்கு வலிக்கும்னுதான்."

"வலிக்கறது என் பாடு. அவனுக்கு நான் கைதட்டுனேன், தோல்குன். ஊரெல்லாம் அவனுக்கு ஓட்டுப் போடச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

அம்மா பேசி அனுப்பிய காணொளி விஷயம் தோல்குனுக்குத் தெரியாது. தெரிந்ததும் அவள் முகம் வெளுத்தது. அந்த ஒரு இடம்தான், மற்றதெல்லாம் இருந்தபடியேதான் சொன்னேன் என்றாள். ஆனால் அசில்கான் அதற்குள் வாதம் முழுவதையும் எழுத்தோடு போட்டுப் பார்த்திருந்தாள். மீசைக்காரரும் இழுத்திருக்கிறார். அவரும் சுற்றி வளைத்திருக்கிறார், சொன்னதையே சொல்லியிருக்கிறார். அதையெல்லாம் மகளின் கை துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொடுத்திருக்கிறது. பேனாக்காரரின் இழுவையை மட்டும் இழுவையாகவே விட்டிருக்கிறது. உனக்கு மீசைக்காரரைப் பிடிக்குமா என்று கேட்டாள். தோல்குன் அதற்கும் நேராகப் பதில் சொல்லவில்லை. வேகமாகப் பேசுகிறவர்களை அப்படித்தான் சுருக்க வேண்டியிருக்கிறது, தொழிலே அதுதான் என்றாள்.

அப்போதுதான் அசில்கானுக்கு அந்தக் கேள்வி வந்தது. வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. கை தானாக எழுந்தது.

"வேற என்னெல்லாம் சுருக்குன?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர்களிடையே தலையைக் குனிவது வாயைப் பொத்திக்கொள்வதற்குச் சமம். அசில்கான் மேசையை உள்ளங்கையால் தட்டினாள். தோல்குன் நிமிர்ந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அசில்கானின் கை, தாடையில் முள்தாடியைத் தடவிக் காட்டியது. அது ஷார்ஷெனின் பெயர்.

தோல்குனுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஷார்ஷெனுக்கு வயிற்றில் நோய் வந்தது. மார்ச் மாதம், ஆஸ்பத்திரியில், டாக்டர் வெகுநேரம் பேசினார். தோல்குன் வழக்கம்போல நடுவில் நின்றாள். டாக்டர் அவ்வளவு நேரம் பேசியதற்கு அவள் சொன்னது சின்னதாக இருந்தது. நன்றாகச் சாப்பிடச் சொல்கிறார், ஓய்வெடுக்கச் சொல்கிறார், கோடை முடிந்து வந்து காட்டச் சொல்கிறார் என்றாள். ஷார்ஷென் சந்தோஷமாக வேலைக்குத் திரும்பினான். அத்-பாஷியில் அவனுக்கு ஓர் அண்ணன். ஒரு வீட்டுக்காக ஒன்பது வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை. இலையுதிர் காலத்தில் போய்ப் பார்த்துச் சமாதானமாகிவிட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி செத்துப்போனான். அடக்கத்துக்கு வந்த அண்ணன், ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக்கூடாதா என்று அசில்கானைப் பார்த்து அழுதார். எங்களுக்கே தெரியாது என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் அசில்கான்.

"ஆறு மாசம் தாங்காதுன்னாரு."

"நீ கோடை முடிஞ்சுன்னு சொன்ன."

"அப்பா என் கையத்தாம்மா பாத்துக்கிட்டிருந்தாரு. சாவுங்கறதுக்கு எனக்குக் கை வரல. பதினோரு வயசு."

பதினொரு வயதுப் பிள்ளையை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது யார் என்று அசில்கானுக்குத் தெரியாமல் இல்லை. அவளும் ஷார்ஷெனும்தான் நிறுத்தினார்கள். நியாயம் மகள் பக்கம் நின்றது. நெஞ்சு அந்தப் பக்கம் போக மறுத்தது. ஒரு மனிதன் தன் கடைசி ஐந்து மாதத்தையும் கையுறைத் துணி வெட்டித் தீர்த்தான். பக்கத்தில் படுத்திருந்தவளுக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள், அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தது.

தோல்குன் எழுந்து வந்து தோளைத் தொட்டாள். அசில்கான் தோளை விலக்கிக்கொண்டாள். சம்சா ஆறிப்போய், கொழுப்பு வெள்ளையாகக் காகிதத்தில் உறைந்து கிடந்தது.

அந்தப் புதன்கிழமை மன்றத்தில் அசில்கானே விளக்கை அணைத்துப் போட்டாள். எல்லோரும் திரும்பியதும், அந்தக் காணொளியை எழுத்தோடு போட்டுக் காட்டினாள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வார்த்தை வார்த்தையாகச் சொன்னாள். செவிடு, ஊமை, தையற்கூடம், கையுறை. தன் மகள் மாற்றிச் சொன்னதையும் பக்கத்திலேயே வைத்துச் சொன்னாள்.

 எல்லாக் கைகளும் ஒரேயடியாகப் பேசின. ஒருத்தி, எனக்கு வீட்டுப் பத்திரம் எழுதியபோது தோல்குன்தான் வந்தாள், அதில் என்ன விட்டாளோ என்றாள். இன்னொருவருக்குத் தன் விவாகரத்து வழக்கு நினைவுக்கு வந்தது. எசென்குல் மட்டும் நிதானமாக இருந்தார்.

"நம்ம பொண்ணு நமக்கு நல்லதுதான பண்ணா?" என்றார். "நான் இத்தன நாளு சந்தோஷமா இருந்தேன். நீ இப்பக் காட்டாம இருந்தா தேர்தல் வரைக்கும் சந்தோஷமா இருந்திருப்பேன்."

வேரா அசில்கானுக்கு முன்னால் வந்து நின்றாள். "நான் மூணு தடவ கேட்டேன், ஏன் சிரிக்கறாங்கன்னு. நீ என்ன சொன்ன?"

வேரா பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"தெரியலன்னு சொல்லியிருக்கலாமில்ல. நீயும்தான் இட்டுக் கட்டுன."

ஐம்பது வருஷத் தோழி சொன்னது அது. வேரா தன் மேலங்கியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் போன பிறகு, அடுத்த வாதத்துக்கு வேறு மொழிபெயர்ப்பாளரைப் போடச் சொல்லித் தொலைக்காட்சிக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். கடிதம் எழுதப்பட்டது. முதல் கையெழுத்தை யார் போடுவது என்று எல்லோரும் தயங்கினார்கள். அசில்கான் பேனாவை வாங்கிப் போட்டாள். இன்னொரு காணொளியும் எடுத்து, நான் முன்னால் சொன்னது தவறு, மன்னியுங்கள் என்று அனுப்பினாள்.

தேர்தலுக்கு முந்திய வெள்ளிக்கிழமை இரண்டாவது வாதம் நடந்தது. வட்டத்துக்குள் தாலாய்பெக் என்று ஒருவர் நின்றார். ஓஷ்காரர், நாற்பது வயது, முகத்தில் எதுவும் தெரியாது. தபால்காரர் கடிதத்தைப் பெட்டியில் போடுவதுபோல் வார்த்தைகளைப் போட்டுக்கொண்டே போனார். வேட்பாளர் இருமினால் இருமுகிறார் என்றார். பாதியில் நிறுத்தினால் பாதியில் நிறுத்தினார். மன்றத்தில் அன்றைக்குப் பதினான்கு பேர்தான். இரண்டு வேட்பாளர்களும் ஒரே மாதிரி சலிப்பாகத் தெரிந்தார்கள். யாரும் கையை ஆட்டவில்லை. எசென்குல் பாதியில் தூங்கிப்போனார். அசில்கான் கடைசிவரை பார்த்தாள். தையற்கூடத்தைப் பற்றிச் சொன்னதற்கு மீசைக்காரர் ஒரு வார்த்தையாவது வருத்தம் தெரிவிப்பாரா என்று காத்திருந்தாள். அவருக்கு அப்படி ஒன்று சொன்ன ஞாபகமே இருந்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டுச்சீட்டில் எல்லோருக்கும் எதிராக என்று கடைசியில் இருக்கும் கட்டத்தில் குறி போட்டாள். மீசைக்காரர் ஜெயித்தார். காராகோலிலிருந்தும் தொக்மோக்கிலிருந்தும் அவளுக்குக் காணொளிகள் வந்தன. முன்பின் பார்த்திராத முகங்கள் கையை ஆட்டிச் சிரித்தன. நீங்கள் சொன்ன ஆள் ஜெயித்துவிட்டார், வாழ்த்துகள் அக்கா என்றன. முதல் காணொளி போன இடத்துக்கெல்லாம் இரண்டாவது போய்ச் சேரவில்லை.

தோல்குனுக்குத் தொலைக்காட்சி வேலை போனது. அவள் அதைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிறுதோறும் வந்தாள், வந்ததும் பாத்திரம் கழுவினாள், தரை துடைத்தாள், போனாள். வசந்தம் வந்தபோது, எர்லான் என்று ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். ஒரு வருஷத்துக்கு மேலாகப் பழக்கமாம். அவன் வீட்டில் எல்லோருக்கும் காது கேட்கும். நிச்சயத்துக்குத் தோடு போட வருகிறார்கள் என்றாள்.

அசில்கான் ஆட்டுக்கறி வேகவைத்தாள், போர்சோக் பொரித்தாள், வெள்ளைத் துணி விரித்தாள். சம்பந்திகள் வருவதற்குக் கால் மணி முன்னால், அழைப்பு மணிக்குப் பதிலாக வைத்திருந்த கதவு விளக்கு மின்னியது. தோல்குன் திறந்தாள். வெளியே, கோட்டுப் போட்டுக்கொண்டு, தாலாய்பெக் நின்றார்.

"இவரு எதுக்கு?" என்று அம்மாவைத் திரும்பிக் கேட்டாள்.

"பேச" என்றாள் அசில்கான். "நான் வரச்சொன்னேன்."

தோல்குன் அவருக்கு வீட்டுச் செருப்பு எடுத்துக் கொடுத்தாள்.

பையனின் அம்மா பூபுகான் பருத்த, சிரித்த முகக்காரி. கூடவே அவள் தங்கையும் எர்லானும் வந்திருந்தார்கள். மணப்பெண்ணே நடுவில் நின்று மொழிபெயர்ப்பாள் என்று நினைத்து வந்தவர்களுக்கு, மேசைக் கடைசியில் உட்கார்ந்திருந்த கோட்டுக்காரர் விசித்திரமாக இருந்தார். ஆனாலும் சாப்பாடு நன்றாகப் போனது. பூபுகான் கறியைப் புகழ்ந்தாள், தாலாய்பெக் அதைச் சொன்னார். அசில்கான் நன்றி சொன்னாள், அதையும் சொன்னார். பிறகு பூபுகான் பட்டுத்துணியைப் பிரித்துத் தோடுகளை எடுத்தாள். எடுத்துக்கொண்டே தங்கையின் பக்கம் சாய்ந்து, காதும் காதும் வைத்தாற்போல் ஏதோ சொன்னாள்.

தாலாய்பெக் கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தார். விரல்களைத் துடைத்துக்கொண்டார். "சம்பந்தியம்மா தங்கச்சிகிட்ட சொல்றாங்க: பொண்ணு நல்லாத்தான் இருக்கா, பொறக்கற கொழந்த பாட்டி மாதிரி ஆகாம இருந்தா சரி."

சம்பந்திகளுக்கு அவர் என்ன சொன்னார் என்று தெரியாது. தாலாய்பெக்கைத் தவிர, அந்த அறையில் அதைக் கேட்டும் பார்த்தும் புரிந்துகொண்ட ஒரே ஆள் தோல்குன். அசில்கான் பூபுகானைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்தாள். மகளின் முகத்தில் அதிர்ச்சி இல்லை. ரொம்ப நாள் தெரிந்த ஒரு விஷயம் கடைசியில் வீட்டுக்குள் வந்துவிட்டதே என்கிற களைப்பு மட்டும் இருந்தது.

"இத மொதமொதல்ல எப்பக் கேட்ட?" என்றாள் அசில்கான், மேசை விளிம்புக்குக் கீழே, சின்னதாக.

"போன வருஷம்."

"அப்புறம்?"

"நெறைய தடவ."

அசில்கான் தாலாய்பெக்கின் பக்கம் திரும்பி, நான் சொல்வதை அப்படியே சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள். அவர் சொன்னார், ஏற்ற இறக்கமே இல்லாமல், பேருந்து நிலையத்தில் அறிவிப்புப் படிப்பதுபோல. "சம்பந்தியம்மா, நீங்க இப்ப சொன்னது எனக்கு வந்து சேந்துடுச்சு. எனக்குக் காது போனது காய்ச்சல்ல, ரெண்டு வயசுல. நான் பெத்தவளுக்குக் காது கேக்குது, பாக்கறீங்கல்ல. பொறக்கறது எப்பிடிப் பொறந்தாலும் பொறக்கட்டும். அதுகிட்ட எதையும் மறைக்காம வளங்க. எனக்கு அது போதும்."

பூபுகானின் கையில் தோடு அப்படியே நின்றது. எர்லான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். தங்கைக்காரி தேநீரை எடுத்து, குடிக்காமல் வைத்தாள். பிறகு பூபுகான், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று நான்கைந்து விதமாகச் சொன்னாள். தாலாய்பெக் நான்கைந்தையும் சொன்னார். தோடு போடப்பட்டது. ஜூன் மாதம் கல்யாணம் என்று பேச்சு முடிந்தது.

எல்லோரும் போன பிறகு தோல்குன் அம்மாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொட்டியில் பாத்திரம் கழுவினாள். காதில் தோடு இருந்தது. அசில்கான் தரையைக் காலால் தட்டியிருந்தால் அவள் திரும்பியிருப்பாள். அசில்கான் தட்டவில்லை. மிச்சமிருந்த கறியை ஒரு பையில் போட்டு, கட்டி, மகள் எடுத்துப்போக வாசலில் வைத்தாள்.

அடுத்த ஞாயிறு தோல்குன் வந்தபோது பாத்திரத்தின் பக்கம் போகவில்லை. எதிரில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். மினிபஸ்ஸில் இரண்டு கிழவிகள் சண்டை போட்டதைச் சொன்னாள். பூபுகான் வீட்டுக்குப் போனதும் எர்லானைத் திட்டியதை, திட்டிய வார்த்தையோடு சொன்னாள். நீதிமன்றத்தில் புது வேலைக்குக் கேட்டிருப்பதை, அங்கே ஒருவன் தன்னைப் பற்றிச் சொன்ன கேவலமான பேச்சை, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் கை ஓயவில்லை. அசில்கான் தேநீர் ஊற்றிவிட்டு, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு மகள் சேர்த்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.